கண்ணிமையில் பார்த்த நிறம்

ஷார்ஷெகானைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவளைத் தெரிந்தவர்களில் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் நான் சந்தோஷமாக வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழகிய வேலைதான்.

புதன்கிழமை பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். அப்பா குதிரை மேய்த்தவர். முதலில் தன் குதிரைகளை மேய்த்தார். பிறகு அவற்றைக் கூட்டுப்பண்ணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே குதிரைகளையே மேய்த்தார். மகளை ஒரு வண்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் ஜெர்மன்காரனோடு சண்டைக்குப் போனான், அடுத்த வருஷமே கறுப்புக் காகிதம் வந்தது. சாவுச் செய்தி கொண்டுவரும் கடிதத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்போது அவள் மகள் அனார்குல் கைக்குழந்தை.

ஊரில் ஆண்கள் இல்லை. பண்ணைத் தலைவர் துய்ஷோன், இந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று எண்பது பெட்டைக் குதிரைகளை அவளிடம் விட்டார். அந்தக் குளிர்காலம் ஒன்பது வருஷம் நீண்டது. "எங்க தலைவருக்கு எண்ணத் தெரியாது. அதான் தலைவர் ஆக்கிட்டாங்க" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். குள்ளமான உருவம், ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல மணிக்கட்டு, குதிரை உதைத்து முன்பல் ஒன்று போனவள். சிரிக்கும்போது அந்த இடைவெளியை மறைக்கமாட்டாள்.

நான் அவளிடம் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று ஏப்ரலில். தலைநகரில் அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. நிறச்சொற்கள் என் பங்கு. அதில் எங்கள் மொழியின் 'கொக்' என்ற சொல்தான் எல்லோருடைய உயிரையும் வாங்கியது. வானத்தின் நீலமும் கொக், இளம் புல்லின் பச்சையும் கொக், சாம்பல் குதிரையும் கொக். கஸாக்குகளிடமும் உஸ்பெக்குகளிடமும் துருக்கியர்களிடமும் அதே சொல் சின்னச் சின்ன மாற்றத்தோடு இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல்வெட்டிலும் இருக்கிறது. அது எங்கிருந்து பிறந்தது என்பதில்தான் சண்டை. முதலில் வானத்துக்கு வைத்த பெயர், பிறகு நிறமானது என்றார் எங்கள் துறைத் தலைவர் சுல்தான்காசி. இல்லை, புல்லிலிருந்து வந்தது என்றார் எதிர் அறைக்காரர். இரண்டு பேரும் ஒரே சமோவாரில் டீ குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மேய்ப்பர்கள் குதிரைக்கு அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர என்னை அனுப்பினார்கள்.

போன முதல் நாளே கேட்டேன். ஷார்ஷெகான் ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொக்னா உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது வானமா, புல்லா?"

"இதைக் கேக்கவா உன்னை அங்கிருந்து வண்டி வச்சு அனுப்பிச்சாங்க?"

"ஆமாக்கா."

"சம்பளமும் தர்றாங்களா?"

"தர்றாங்க."

"அந்த ஆபீஸ்ல எனக்கொரு வேலை பார்த்துச் சொல்லு தம்பி. காலையில வானத்தைப் பார்ப்பேன், சாயங்காலம் புல்லைப் பார்ப்பேன். இப்ப இந்தக் காலைப் பிடி."

பிடித்தேன். அன்றிலிருந்து என்னைக் காகிதத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். என் பெயர் அப்திகாதிர் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்பதே சந்தேகம்.

மே மாதம் பதினோராம் தேதி, நல்ல வெயிலில், நெற்றிச்சுட்டிப் பெட்டை குட்டி போட்டது. முந்தின வருஷம் பண்ணைக்கு வெளியிலிருந்து ஒரு சாதிப் பொலிக்குதிரை கொண்டுவந்திருந்தார்கள், சாம்பல் நிறம். அதன் குட்டிகளை அரசாங்கம் தனியாகக் கணக்கில் வைத்திருந்தது. விழுந்த குட்டியோ அட்டைக் கறுப்பு. ஷார்ஷெகான் அதன் முகத்தைத் துடைத்து, கட்டைவிரலால் கண்ணிமையை மெல்லத் தள்ளி உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் அவள் மகள் அனார்குல் துணியோடு நின்றாள், நான் நோட்டோடு நின்றேன்.

"கொக்" என்றாள் ஷார்ஷெகான்.

"அக்கா, இது கரி மாதிரி இருக்கே."

"வா இங்க. இமை ஓரத்தைப் பாரு."

பார்த்தேன். ஓரத்தில் நாலைந்து மயிர் வெளுத்திருந்தது. சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

"இன்னிக்கு என்ன நிறம்னு கண்ணிருக்கிற எவனும் சொல்லுவான்" என்றாள். "நாளைக்கு என்ன ஆகும்னு சொல்றவதான் மேய்ப்பச்சி. இது ரெண்டு வருஷத்துல சாம்பலாயிடும். கிழடாச்சுன்னா வெள்ளை. நின்னுபோன நிறத்துக்கெல்லாம் வேற வேற பேரு இருக்கு தம்பி. வழியில போய்க்கிட்டிருக்கிற நிறத்தைத்தான் நாங்க கொக்ங்கறோம். புல்லும் அப்படித்தானே? இப்ப முளைக்குது, அடுத்த மாசம் மஞ்சளாயிடும். எழுதிக்கோ, எழுதலைன்னா உனக்குச் சம்பளம் வராது."

எழுதிக்கொண்டேன். தேதி, தாய்க் குதிரையின் அடையாளம், குட்டி கறுப்பு, இமையில் வெள்ளை மயிர், மேய்ப்பச்சி சொன்ன பெயர் கொக். எல்லாம் அழியாத பென்சிலில். இரண்டு நாள் கழித்துப் பண்ணையின் பதிவுக்காரர் வந்தபோதும் அவள் கொக் என்றே சொன்னாள், அவரும் குட்டியைப் பார்க்காமலே அப்படி எழுதிக்கொண்டு போனார். பிறந்த அன்றைய நிறத்தைப் பதிவு செய்வது எங்கள் மேய்ப்பர்களிடம் கேவலம். நேற்றுக் குதிரையேறியவன் என்று ஊர் சிரிக்கும். அவள் அப்பாவும் ஆகப்போகும் நிறத்தையே பதிந்தார், அவருடைய அப்பாவுக்குப் பதிவேடே கிடையாது.

ஜூனில் மலைமேல் புல்வெளிக்குப் போனோம். அங்கே அவள் தன் அப்பா வானத்தைக் கும்பிட்ட வார்த்தைகளைச் சொன்னாள். கொக் தெங்கிர், அதாவது கொக் ஆகிய கடவுள் என்று ஆரம்பிக்கும். வறட்சி வந்தால் சாம்பல் குதிரை ஒன்றின் பிடரியில் துணி கட்டி, இனி இதன்மேல் யாரும் ஏறக்கூடாது, இது வானத்துடையது என்று விட்டுவிடுவார்களாம். அவசரமாக நோட்டைத் திறந்தேன். சுல்தான்காசி சொன்னதற்கு உயிருள்ள சாட்சி. காகிதம் தட்டுப்பாடு என்பதால், நோட்டின் முன்பக்கங்கள் தீர்ந்ததும் பின்பக்கங்களில் எழுத ஆரம்பித்திருந்தேன். இந்தப் பிரார்த்தனை விழுந்தது மே பதினோராம் தேதிக் குறிப்பின் பின்பக்கத்தில். ஓரத்தில் நான் வேறு, ஆதி அர்த்தம் இதுவே என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஜூலை முதல் வாரத்தில் அலுவலக நண்பன் ஒருவனிடமிருந்து ஆள்வழியாக ஒரு சீட்டு வந்தது. சுல்தான்காசியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நிறச்சொல்லை வைத்துப் பழைய மதத்தைத் தூக்கிப் பிடித்தார், பக்கத்து நாட்டுத் துருக்கியர்களோடு உறவு தேடினார் என்று குற்றச்சாட்டு. 'உன்னிடம் அது சம்பந்தமாக ஏதாவது இருந்தால் இருக்கக்கூடாது' என்று முடித்திருந்தான். நோட்டை அடுப்பில் போட எடுத்துப் போனேன். மூன்று மாத உழைப்பு. போட மனசு வரவில்லை. கோட்டின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து கமிஷன் வந்தது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள்: சாதிக் குட்டி ஒன்றை மேய்ப்பச்சி சொந்தக்காரன் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் நாட்டுக் குட்டி ஒன்றை விட்டிருக்கிறாள் என்று. வந்தவர்கள் மூன்று பேர். தலைமை பொரோம்பாய் என்ற வழக்கு அதிகாரி. பட்டணத்திலேயே வளர்ந்தவர், சேணத்தில் உட்காரும்போதே கண்ணை மூடிக்கொள்வார். ஒரு எழுத்தர். ஒரு ஆட்டு வைத்தியர். குதிரை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பொலிக்குதிரையின் ஆறு குட்டிகளையும் நிறுத்தி ஏட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். ஐந்து சரி. ஆறாவதுக்கு நேராக ஏட்டில் கொக், எதிரே நின்றது கறுப்பு.

"சாம்பல் குட்டி எங்கம்மா?" என்றார் பொரோம்பாய்.

"இதுதாங்க தோழர். இன்னும் ஆகல."

"எது ஆகல?"

"சாம்பல் ஆகல."

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

ஷார்ஷெகான் அவர் சேணத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தவிர்த்திருக்கலாம். ஆட்டு வைத்தியர் குட்டியின் இமையைப் பார்த்துவிட்டு, "நாலு மயிர் வெளுத்துத்தான் இருக்கு. ஆனா நான் ஆட்டு ஆளுங்க. இதுக்கெல்லாம் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். மற்ற மேய்ப்பர்கள் கூடி வந்து அவள் சொல்வது சரிதான் என்றார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அவளுக்கு மாமன் மச்சான். சொந்தக்காரன் பேச்சு செல்லாது என்று எழுத்தர் எழுதினார். குட்டியைப் பதிவில்லாத குதிரை என்று முத்திரை போட்டு, கணவாய்க்கு அப்பால் வேறொரு பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருஷம் கட்டிப் போட்டிருந்தால் குட்டியே சாட்சி சொல்லியிருக்கும்.

அரசாங்கச் சொத்தைக் கையாடினால் அப்போது எத்தனை வருஷம் போடுவார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விசாரணைக்கு முந்தின நாள் ஷார்ஷெகான் என்னிடம் வந்தாள். நான் கூடாரத்துக்கு வெளியே பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து உலர்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அனார்குல்லுக்கு அப்பன் இல்ல, தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்க்கா."

"நான் போயிட்டா அவளை ஆதரவில்லாத பிள்ளைங்க விடுதியில போட்டுடுவாங்க. என் பக்கத்துல இருக்கிறதெல்லாம் தூரத்துச் சொந்தம், அவர் பக்கத்துல எல்லாரும் செத்தாச்சு." பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். "நீ நிறைய எழுதுவியே தம்பி."

"ம்."

"அவ்வளவுதான். சும்மா கேட்டேன்."

எழுந்து போய்விட்டாள். நான் சீட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடு என்று அவளால் சொல்லமுடியாது. எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் மறுபக்கமும் கூடவே வரும்.

விசாரணை பண்ணையின் மன்றக் கூடத்தில் பகல் பதினொரு மணிக்கு நடந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தும் புழுக்கம். நான் கோட்டைக் கழற்றவில்லை. மூன்றாவது பெஞ்சில், துய்ஷோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷார்ஷெகான் வெள்ளைத் தலைத்துணி கட்டி எங்களைப் பார்க்க நின்றாள். பொரோம்பாய் மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். அவரும் முடிக்கத்தான் பார்த்தார்.

"இத பாரும்மா" என்றார். "குட்டி கறுப்பாத்தான் பிறந்துச்சுன்னு நீ சொல்ற. சரி. பிறந்த அன்னிக்கே அதைப் பார்த்தவங்க, உனக்குச் சொந்தமில்லாதவங்க, யாராவது இருக்காங்களா? ஒரு துண்டுக் காகிதம் தேதியோட இருந்தாலும் போதும். கேஸை இங்கேயே மூடிட்டு நான் ஊருக்குப் போறேன். எனக்கும் வயித்து வலி."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஷார்ஷெகான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை அது. ஆற்றைக் கடக்கக் குதிரை தானாக இறங்குமா என்று கரையில் நின்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

நான் எழுந்தால் நோட்டைக் கேட்பார்கள். நோட்டைக் கொடுத்தால் தாளைப் புரட்டுவார்கள். புரட்டினால் இரண்டு கோடு போட்ட ஆதி அர்த்தம். சுல்தான்காசிக்குப் பக்கத்து அறையில் எனக்கும் இடம் கிடைக்கும். எனக்கும் வயதான அம்மா இருந்தாள். எல்லா நியாயமும் என்னிடம் இருந்தது. கோட்டுக்குள் நோட்டின் விளிம்பு நெஞ்சில் குத்தியது. நான் இருமினேன். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"யார் இருந்தாங்க?" என்றார் பொரோம்பாய் மறுபடியும்.

"என் மக இருந்தா."

"அது குழந்தை. வேற?"

என் பெயரை அவள் சொல்லியிருக்கலாம். ஊரே திரும்பி என்னைப் பார்த்திருக்கும், நானும் வேறு வழியில்லாமல் எழுந்திருப்பேன். சொல்வாள் என்றுதான் பயந்தேன். சொல்லிவிடமாட்டாளா என்றும் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"சொல்றதுக்கு வேற யாரும் இல்லைங்க தோழர்" என்றாள்.

கையாடல் நிரூபணமாகவில்லை, பொய்ப் பதிவு நிரூபணமானது என்று ஐந்து வருஷம் போட்டார்கள். துய்ஷோன் அதைத் தள்ளுபடி விலையில் கிடைத்த மாதிரி, "அஞ்சுதான், அஞ்சுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளை லாரியில் ஏற்றும்போது அனார்குல் அழவில்லை, அம்மாவின் சவுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுதிக்காரர்கள் அதையும் வாங்கி வைத்துவிட்டார்கள். மறுநாள் நான் தலைநகருக்கு வண்டி ஏறினேன். கொக் என்ற சொல்லுக்கு என் அகராதி அட்டையில் எழுதிக் கொடுத்தது இது: தெளிந்த வானத்தின் நிறம். பிறப்பு ஆராயப்படவில்லை. யாருக்கும் ஆபத்தில்லாத அட்டை.

ஐம்பத்துமூன்றில் பொது மன்னிப்பில் அவள் வெளியே வந்தாள் என்று கேள்விப்பட்டேன். மறுபடி குதிரைகளைக் கொடுக்கவில்லை. தண்டனை பெற்றவளிடம் அரசாங்கக் குதிரையை விடக்கூடாதாம். ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கியெடுக்கும் தொட்டியில் வேலை. மகளை விடுதியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தாள். பதினோரு வயதுப் பெண் அம்மாவை அந்நியரைக் கூப்பிடுவதுபோல நீங்க, வாங்க என்று கூப்பிடுகிறது என்று துய்ஷோன்தான் சொன்னார். "நல்ல மரியாதை கத்துக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றித் தட்டினார்.

அடுத்த வருஷம் வேறொரு சொல்லுக்காகக் கணவாய்க்கு அப்பால் போயிருந்தேன். அந்தப் பண்ணையில் மூன்று வயதுக் குதிரை ஒன்று நின்றது. உடம்பெல்லாம் சாம்பல், பின்தொடையில் வட்ட வட்டமாகப் புள்ளி. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதிவில்லாமல் வந்தது, அப்போது கறுப்பாக இருந்ததாம் என்றார்கள். அப்போதாவது வண்டியைப் பிடித்து மாவட்டத்துக்குப் போயிருக்கலாம். காலம் இன்னும் தெளியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்த சொல்லை எழுதிக்கொண்டு திரும்பினேன்.

ஐம்பத்தாறில் தெளிந்தது. சுல்தான்காசி பல்லெல்லாம் கொட்டிப்போய்த் திரும்பி வந்தார். சொற்களின் பிறப்பைப் பற்றி மறுபடி பேசலாம் என்றார்கள். கோட்டுத் தையலைப் பிரித்தேன். கொக் என்ற சொல் வானத்திலிருந்தோ புல்லிலிருந்தோ வரவில்லை, மாறிக்கொண்டிருக்கும் நிறத்துக்கு மேய்ப்பர்கள் வைத்த பெயராக இருக்கலாம் என்று கட்டுரை எழுதினேன். புது யோசனை என்று பாராட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் வந்தது. அடிக்குறிப்பில் 'தகவல்: ஷா., மேய்ப்பர்' என்று போட்டிருந்தேன்.

அந்தக் கட்டுரையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். வழக்கை மறுபடி திறந்து அவள் பெயரைச் சுத்தம் செய்ய மனு எழுதித் தருவதாகத் திட்டம். பாதி நல்லெண்ணம், பாதி என் தூக்கத்துக்காக. அவள் வாசலில் கம்பளி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மருந்துத் தண்ணீரில் வெடித்திருந்தது.

"வா, காகிதத் தம்பி" என்றாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார இடம் காட்டினாள்.

விஷயத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் சொன்னேன், சீட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கையை நீட்டினாள். கட்டுரையைக் கொடுத்தேன், அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மே பதினொன்று என்ற வரியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, கறுப்பு, இமை, வெள்ளை மயிர் என்று கடைசிவரை படித்தாள். தாளைத் திருப்பவே இல்லை.

"இதை அன்னிக்கு எங்க வச்சிருந்த?"

"கோட்டு உள்பையில."

"அந்தக் கூடத்துல? உக்காந்திருந்தியே, அப்பவா?"

"ஆமாக்கா."

"நீ நோட்டோட அடுப்புப் பக்கம் போனதைப் பார்த்தேன், எரிச்சாச்சுன்னு நினைச்சேன்" என்றாள். "இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். பாவம், எரிச்சிட்டான், வெறுங்கையோட எப்படி எழுந்திருப்பான்னு."

நோட்டை மூடி, முழங்கையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"மனு வேணாம். என் மக எத்தனை வயசுல விடுதிக்குப் போனா, எத்தனை வயசுல வந்தான்னு அதுல எழுதணும். எழுதினா அவ வயசுல ரெண்டு வருஷம் இல்லாமப் போனது தெரியும். எனக்குத் திரும்ப அதைப் படிக்க முடியாது."

எழுந்தேன். எங்கள் பக்கத்தில் பகையாளியே வாசலுக்கு வந்தாலும் ஒரு துண்டு ரொட்டியாவது பிட்டு வாயில் போடாமல் அனுப்பமாட்டார்கள். அவசரமாகப் போகிறவனைக்கூடக் கதவுவரை ரொட்டியோடு துரத்திக்கொண்டு வருவார்கள். ஷார்ஷெகான் வாசல்வரை கூட வந்தாள். உள்ளே மேஜைமேல் துணிக்கு அடியில் ரொட்டி இருந்தது. சூட்டு வாசனை எனக்கே வந்தது. அவள் கம்பளியை எடுத்து உதறி மறுபக்கம் திருப்பிப் போட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தேன்.